பிசினஸ் அனலிஸ்ட் ஆக விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மென்பொருள் நிறுவனங்களில் சில வருடங்கள் பிசினஸ் அனலிஸ்ட்டாக வேலை பார்த்த பிறகு, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது. டெஸ்டிங்கில் இருப்பவர், பி.காம் முடித்துவிட்டு டேலி பார்ப்பவர், சப்போர்ட்டில் இரவு ஷிஃப்ட் பார்த்து அலுத்துப்போனவர் என்று கேட்கிற ஆட்கள் மாறுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பிசினஸ் அனலிஸ்ட் அப்படி என்னதான் செய்கிறார்?

மளிகை மொத்த வியாபாரி ஒருவர், சுற்று வட்டார ஊர்க் கடைகளுக்கெல்லாம் சரக்குப் போடுகிறவர். "தினமும் காலையில எனக்கு ஒரு ரிப்போர்ட் வரணும். பதினாலு கட்டம் இருக்கணும்" என்றார். எந்தெந்தக் கட்டம் என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியே கொடுத்துவிட்டார். அதை அப்படியே டெவலப்பரிடம் நீட்டியிருந்தால் இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வந்திருக்கும்.

"இதை வாங்கி என்ன செய்வீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பிரிண்ட் எடுத்து லைன் வசூலுக்குப் போற பையன்கிட்ட கொடுப்பேன்."

"அவர் இதுல எதைப் பார்ப்பார்?"

கொஞ்சம் யோசித்தார். "கடைப் பேரையும் பாக்கியையும்தான்."

பதினாலில் இரண்டு. அந்தப் பையனையே கூப்பிட்டுக் கேட்டபோது இன்னொன்று தெரிந்தது. கடைப் பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் அவருக்கு உபயோகமில்லை, வண்டி போகிற வரிசையில் இருக்க வேண்டும். அந்தத் தகவல் பதினாலு கட்டத்தில் எதிலுமே இல்லை.

ஒருவர் கேட்பது ஒன்று, அவருக்குத் தேவைப்படுவது வேறொன்று. நடுவில் இருக்கிற அந்தத் தூரத்தை, புரோகிராம் எழுதத் தொடங்கும் முன்பே அளந்து சொல்கிறவர்தான் பிசினஸ் அனலிஸ்ட். மீட்டிங், ஆவணம், படம் எல்லாம் அதற்கான கருவிகள்.

கோடிங் தெரிய வேண்டுமா?

எழுதத் தெரிய வேண்டாம். ஆனால் டேட்டாபேஸில் தேடிப் பார்க்க உதவும் எஸ்கியூஎல் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வாரம் போதும். "எங்களிடம் ஒரே போன் நம்பரில் இரண்டு வாடிக்கையாளர் இருக்கவே மாட்டார்கள்" என்று மேனேஜர் அடித்துச் சொல்லும்போது, டேட்டாவில் தேடிப் பார்த்து நாற்பது பேர் இருப்பதைக் காட்ட முடிந்தால் ஒரு மாத வாக்குவாதம் மிச்சம். இதைக் கூட்டத்தின் நடுவில் காட்டாதீர்கள், தனியாகக் காட்டுங்கள்.

புராஜெக்ட் மேனேஜர், புராடக்ட் ஓனர் இவர்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறார்?

எப்போது முடியும், எவ்வளவு செலவாகும் என்பது புராஜெக்ட் மேனேஜரின் கவலை. எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் புராடக்ட் ஓனருக்கு. என்ன தேவை, அதன் விதிகள் என்ன என்று தோண்டி எடுத்துத் தெளிவாக வைப்பது அனலிஸ்ட். சின்ன கம்பெனியில் மூன்றையும் ஒருவரே செய்வார், சம்பளம் மட்டும் ஒன்றுக்குத்தான் வரும்.

ரிக்வயர்மென்ட் (தேவை) என்பதில் எத்தனை வகை?

பாடப் புத்தகங்களில் நான்கைந்து வகை இருக்கும். ஆரம்பத்தில் மூன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஏன் செய்கிறோம் என்பது நிறுவனத்தின் தேவை: வசூல் பாக்கி குறைய வேண்டும். சிஸ்டம் என்ன செய்ய வேண்டும் என்பது செயல் தேவை: வண்டி போகிற வரிசையில் பாக்கிப் பட்டியல் காட்ட வேண்டும். எப்படிச் செய்ய வேண்டும் என்பது தரத் தேவை: பழைய போனிலும், சிக்னல் இல்லாத ஊரிலும் திறக்க வேண்டும்.

புதியவர்கள் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள், காரணம் அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ரயில் தட்கல் டிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் போடுகிற செயல் மதியம் மூன்று மணிக்கும் காலை பத்து மணிக்கும் ஒன்றேதான். பத்து மணிக்கு எல்லோரும் ஒரே நொடியில் விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள் என்பது தனித் தேவை. ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்று 2015ல் பிரித்தார்கள். சர்வரைத் தொடாமல் விதியை மாற்றியே நெரிசலை இரண்டாகப் பிரிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. பிரச்சினைக்குத் தீர்வு எப்போதும் மென்பொருளுக்குள்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

பிசினஸ் ரூல் என்றால் என்ன? அதை ஏன் தனியாக எழுதச் சொல்கிறார்கள்?

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீளும்.

கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் அந்த நிறுவனம் கடைப்பிடித்தே ஆக வேண்டிய விதிதான் பிசினஸ் ரூல். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வருகிற இ.பி. பில்லைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். 2022 செப்டம்பரில் அமலான கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். கூட்டினால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்.

சரி, 501 யூனிட் ஓடினால்? அடுத்த படி 8 ரூபாய், ஆக 1,733 என்று பெரும்பாலானவர்கள் எழுதுவார்கள். தப்பு. 500ஐத் தாண்டியவருக்கு அந்த 2.25 ரூபாய் படியே கிடையாது, 101 முதல் 400 வரை மொத்தமும் 4.50. பில் 1,958 ரூபாய். ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய் எகிறுகிறது.

"ஸ்லாப் முறைப்படி கட்டணம் கணக்கிட வேண்டும்" என்று ஒரே வரியில் ரிக்வயர்மென்ட் எழுதிக் கொடுத்தால், டெவலப்பர் தனக்குத் தெரிந்த ஸ்லாப் முறையைத்தான் எழுதுவார். 1,733 வரும். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. இந்த மாதிரி இடங்களில் வாக்கியத்தை நம்பாமல் அட்டவணை போடுங்கள். ஒரு பக்கம் நிபந்தனை, இன்னொரு பக்கம் விளைவு. பிறகு எல்லை எண்களை வரிசையாக வையுங்கள்: 100, 101, 200, 201, 400, 401, 500, 501. ஒவ்வொன்றுக்கும் பில் தொகையைக் கையால் கணக்குப் போட்டு, துறை ஆளிடம் காட்டிச் சரிதானா என்று கேளுங்கள். டெஸ்டருக்கும் அதே தாள் உதவும்.

அதோடு முடியாது. ரீடிங் எடுக்க வந்தபோது வீடு பூட்டியிருந்தால்? நடுவில் மீட்டர் மாற்றியிருந்தால்? ஐந்து நாள் தாமதமாக ரீடிங் எடுத்ததால் 500ஐத் தாண்டிவிட்டால்? சாதாரண நாளுக்கான விதி பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும், இந்த 'ஆல்' கேள்விகளில்தான் மீதி மூன்று வாரம் போகும்.

தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம், விதி மாறும். மேலே சொன்ன ரூபாய்க் கணக்கு 2024லேயே மாறிவிட்டது. ரயிலில் 120 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம் என்று இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆனது. விதியும் எண்ணும் ஒரே இடத்தில், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற குறிப்போடு இருந்தால் மாற்றுவது எளிது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பழைய 120 நாள் விதியில் ஏற்கெனவே டிக்கெட் போட்டவர்களின் டிக்கெட் செல்லும் என்றும் அப்போதே அறிவித்தார்கள். பழையதுக்கும் புதியதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை, விதி மாறும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

யார் யாரிடம் பேச வேண்டும்?

பணம் கொடுப்பவரிடம், பயன்படுத்துபவரிடம், பயன்படுத்தாமலே பாதிக்கப்படுபவரிடம். மூன்றாவது ஆளை மறந்துவிடுவோம். இரண்டாவது ஆளை நாம் மறப்பதில்லை, பார்க்க விட மாட்டார்கள். "அவங்களுக்கு என்ன சார் தெரியும், என்கிட்டயே கேளுங்க" என்று மேலதிகாரி சொல்வார்.

அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சர்வீஸ் கதையை வகுப்பில் சொல்வேன். அதுவரை அங்கே அவசர அழைப்பு வந்தால் தாளில் குறித்து, வரைபடத்தில் இடம் பார்த்து, எந்த வண்டி போக வேண்டும் என்று ஆட்கள் முடிவு செய்தார்கள். 1992 அக்டோபர் 26ஆம் தேதி, லண்டன் முழுவதற்கும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் முறைக்கு மாறினார்கள். அருகில் இருக்கும் வண்டியைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கும்.

அது சரியாக ஓட வேண்டுமானால், எந்த வண்டி எங்கே நிற்கிறது, சும்மா இருக்கிறதா, நோயாளியோடு போகிறதா என்பது ஒவ்வொரு நொடியும் துல்லியமாகத் தெரிய வேண்டும். வண்டி ஊழியர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் உரிய பட்டனை, உரிய வரிசையில் அழுத்தினால்தான் அது நடக்கும். உயிருக்குப் போராடுகிறவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பட்டன் வரிசை யாருக்கு நினைவிருக்கும்? ரேடியோ எட்டாத இடங்களும் நகரத்தில் இருந்தன. தகவல் பிசகப் பிசக, ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி போனது, சில இடங்களுக்கு வண்டியே போகவில்லை. காத்திருந்தவர்கள் மறுபடி மறுபடி போன் செய்ய, அழைப்புகள் குவிந்தன. மறுநாளே பாதி கையால் செய்கிற முறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4ஆம் தேதி அந்தக் கம்ப்யூட்டரும் நின்றுபோனது. அடுத்த ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை, ஊழியர்களைச் சரியாகச் சேர்த்துக்கொள்ளாததையும் ஒரு குறையாகச் சொன்னது.

நவம்பர் 4 கோளாறு புரோகிராமில் இருந்த பிழை. அக்டோபர் 26 கோளாறுக்கு முக்கியக் காரணம் நம் துறையைச் சேர்ந்தது: "தகவல் எப்போதும் சரியாக இருக்கும்" என்ற அனுமானத்தை யாரும் எடுத்து மேஜையில் வைத்துக் கேட்கவில்லை. உங்கள் ஆவணத்தில் அனுமானங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கூட்டத்தில் முதலில் அந்தப் பக்கத்தைத் திறங்கள்.

எப்படிக் கேள்வி கேட்பது? எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் நல்லதுதான், அதிகம் பேசாமல் கேட்பீர்கள்.

முதலாளி பக்கத்தில் இருக்கும்போது கிளார்க் வாய் திறக்க மாட்டார். எல்லாம் ரூல்படிதான் நடக்கிறது என்பார். டீ நேரத்தில் தனியாகப் போனால், "ரூல்படி மேனேஜர்தான் அப்ரூவ் பண்ணணும், ஆனா அவர் பாஸ்வேர்டு எங்ககிட்டயே இருக்கு" என்று வரும். அந்த டீக்கடைத் தகவல் தங்கம். யார் சொன்னது என்று மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள்.

கேட்பதைவிடப் பார்ப்பது மேல். அரை நாள் கவுண்டருக்குப் பின்னால் உட்காருங்கள். மானிட்டரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டு, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பட்டியல், சிஸ்டத்துக்கு வெளியே தனியாக ஓடும் எக்ஸெல் ஃபைல், ஓரத்தில் பென்சில் குறிப்பு உள்ள நோட்டு, இவை ஒவ்வொன்றும் இப்போதைய சிஸ்டம் செய்யத் தவறிய ஒரு வேலை.

ஐந்து முறை ஏன் கேள் என்று டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு முறை உண்டு. முறை நல்ல முறை. ஆனால் தமிழில் ஒருவரைப் பார்த்து "ஏன்?" "ஏன்?" என்று கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும், அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்கிவிடுவார். "இது இல்லாட்டி என்ன ஆகும்?", "போன மாசம் கடைசியா இது நடந்தப்ப என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். அதே பதில்தான், முகம் மட்டும் சுருங்காது.

எந்த ஆவணம் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பழைய பாணியில் பிஆர்டி (நிறுவனத்தின் தேவையைச் சொல்வது), எஸ்ஆர்எஸ் (மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது) என்ற பெரிய ஆவணங்கள். எஸ்ஆர்எஸ்ஸுக்கு ஐட்ரிபிள்ஈ என்ற பொறியாளர் அமைப்பின் 830 என்ற வழிகாட்டி 1998 பதிப்பில் இருந்தது, பல கல்லூரிகளில் இன்றைக்கும் அதைத்தான் நடத்துகிறார்கள். 2011ல் 29148 என்ற தரநிலை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அரசு டெண்டர், வங்கி போன்ற இடங்களில் இந்தப் பாணி இன்னும் உயிரோடு இருக்கிறது.

மற்ற இடங்களில் யூசர் ஸ்டோரி. யார், என்ன, எதற்காக என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில். நம் அண்ணாச்சி கதையில்: "லைன் வசூலுக்குப் போகிற ஆளாக, இன்றைய லைனில் உள்ள கடைகளின் பாக்கியை வண்டி போகிற வரிசையில் பார்க்க வேண்டும், எந்தக் கடையும் விட்டுப்போகாமல் இருப்பதற்காக."

இது தலைப்பு மட்டும்தான். உயிர் இருப்பது ஏற்பு நிபந்தனைகளில், அதாவது எது நடந்தால் இது முடிந்தது என்று ஒப்புக்கொள்வோம் என்பதில். கடைக்காரர் பாதிப் பணம் கொடுத்தால் மீதி எந்த பில்லில் நிற்கும், பழைய பில்லிலா புதிய பில்லிலா? போன வாரம் கொடுத்த செக் ரிட்டர்ன் ஆகியிருந்தால் பாக்கியில் சேர வேண்டுமா? கடை அடைத்திருந்தால் அந்தக் கடை பட்டியலில் எப்படித் தெரிய வேண்டும்? சிக்னல் இல்லாதபோது போட்ட வசூல், ஆபீஸுக்குத் திரும்பியதும் இரண்டு முறை ஏறிவிடாமல் எப்படித் தடுப்பது? இப்படி நான்கு கேள்வி எழுதத் தெரிந்தவரை நான் உடனே டீமில் சேர்த்துக்கொள்வேன், அவருடைய டெம்ப்ளேட் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும்.

படங்கள்?

வேலை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று காட்டும் ஸ்விம்லேன் படம் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். வேலை ஓட்டத்தை வரைவதற்கான பிபிஎம்என் குறியீடுகளில் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் போதும், முழுத் தொகுப்பும் யாருக்கும் தேவைப்படுவதில்லை. சிஸ்டத்தை வைத்து ஒருவர் ஒரு வேலையை எப்படி முடிக்கிறார் என்று படிப்படியாகக் காட்டுவது யூஸ் கேஸ். மென்பொருள் அறிஞர் ஈவார் யாக்கப்சன் 1980களில் கொண்டுவந்த இந்த முறையில், படத்தைவிட அதன் எழுத்து வடிவம்தான் உபயோகம்: வழக்கமான பாதை, அதிலிருந்து விலகும் பாதைகள். முதல் படத்தைப் பேப்பரில் பேனாவால் போடுங்கள். அழகாக அச்சடித்த படத்தைத் திருத்த மக்கள் தயங்குவார்கள், கிறுக்கலைத் தாராளமாகத் திருத்துவார்கள்.

அஜைல் வந்த பிறகு ஆவணமே தேவையில்லை என்கிறார்களே?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் (மென்பொருளைச் சின்னச் சின்னப் பகுதிகளாகச் செய்து காட்டித் திருத்திக்கொள்ளும் முறை) அறிக்கை, விரிவான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருளை அதிகம் மதிக்கிறோம் என்றுதான் சொன்னது. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வரியைப் படிக்காதவர்கள் டீமை விட்டுப் போன பிறகு, "இந்தத் தள்ளுபடி ஏன் 7 சதவீதம்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. விதிகளையும் முடிவுகளையும் அவற்றின் காரணத்தையும் எழுதி வையுங்கள். திரை எப்படி இருக்கும் என்று நாற்பது பக்கம் எழுதுவதை விட்டுவிடலாம்.

கேட்டால் எல்லாமே முக்கியம் என்கிறார்கள். என்ன செய்வது?

கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை என்று நான்காகப் பிரிக்கும் மாஸ்கோ முறையை டாய் கிளெக் என்பவர் 1994ல் உருவாக்கினார். ரஷ்யாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். நம் ஊரில் எல்லாவற்றையும் முதல் பெட்டியில் போட்டுவிடுவார்கள். நான் வேறு மாதிரி கேட்பேன்: "தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி சிஸ்டம் ஓடணும், இதுல அஞ்சுதான் தயாராகும்னு வெச்சுக்குங்க. எந்த அஞ்சு இல்லாட்டி கடையைத் திறக்கவே முடியாது?" தேதியும் கடையும் கண்முன் வந்தால் பதில் வந்துவிடும்.

ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். முடியுமா?

ஆவணம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். சின்ன வாக்கியமாக எழுதுங்கள், ஒரு வாக்கியத்தில் ஒரு விதி. அலங்கார ஆங்கிலம் இந்த வேலைக்குக் கெடுதல்.

தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் ஆபத்து. பஸ் கண்டக்டரிடம் 'பாக்கி' என்றால் அவர் நமக்குத் தர வேண்டிய சில்லறை. மொத்தக் கடையில் 'பாக்கி' என்றால் வாடிக்கையாளர் கடைக்குத் தர வேண்டிய கடன். சில்லறையும் கடனும் இரண்டும் ஓடுகிற ஒரு கடையின் பில்லிங் கவுண்டரில், நான் இதைக் கேட்காமல் எழுதி, கழிக்க வேண்டிய தொகையைக் கூட்டும்படி ஒரு ரிப்போர்ட் வந்துவிட்டது. 'ஆர்டர் முடிஞ்சிருச்சு' என்றால் சேல்ஸ்மேனுக்கு எழுதி வாங்கியாச்சு, குடோனுக்கு வண்டி ஏற்றியாச்சு, அக்கவுண்டன்ட்டுக்குப் பணம் வந்தாச்சு. முதல் நாளிலிருந்தே ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: அவர்கள் சொன்ன சொல், எந்தப் பிரிவில், என்ன அர்த்தத்தில்.

சர்டிஃபிகேட் வாங்கினால் வேலை கிடைக்குமா?

பிசினஸ் அனலிஸ்ட்டுகளுக்கான ஐஐபிஏ என்ற சர்வதேச அமைப்பு 2003ல் கனடாவின் டொரான்டோவில் தொடங்கியது. அதன் பாபாக் வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு 2015ல் வந்தது, துறையில் எல்லோரும் கைகாட்டும் நூல் அதுதான். அவர்களுடைய தொடக்க நிலைத் தேர்வான ஈசிபிஏவுக்கு முன் அனுபவம் வேண்டாம். மேல் நிலையில் உள்ள சிபாப் தேர்வுக்கு 7,500 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். ஈசிபிஏ ரெஸ்யூமேயை முதல் வடிகட்டலில் தாண்ட வைக்கலாம், சொற்களும் பழகும். இன்டர்வியூவில் என்னைப் போன்றவர்கள் கேட்பது வேறு: "உங்கள் ஹாஸ்டல் மெஸ் பில்லை எப்படிக் கணக்கிட்டார்கள்? லீவில் ஊருக்குப் போனவருக்கு என்ன செய்தார்கள்?"

ஏஐயிடம் சொன்னால் யூசர் ஸ்டோரி எழுதித் தருகிறதே, இந்த வேலை இருக்குமா?

எழுதித் தரும். நானும் வரைவுக்குப் பயன்படுத்துகிறேன், விட்டுப்போன நிபந்தனைகளைப் பட்டியலிடச் சொன்னால் சிலது நன்றாகவே வருகிறது. வண்டி போகிற வரிசையை மட்டும் அந்தப் பையன்தான் சொல்ல வேண்டும்.

வேலை கிடைக்கும் முன்பே பழகுவது எப்படி?

உங்களுக்குத் தெரிந்த ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவின் மெடிக்கல் ஷாப், தெருவில் இருக்கும் அயர்ன் கடை, அத்தை நடத்தும் ஏலச்சீட்டு. ஏலச்சீட்டு அருமையான பயிற்சி: தள்ளு (ஏலம் எடுத்தவர் விட்டுக்கொடுத்த தொகை) எப்படிப் பிரிகிறது, சீட்டு எடுத்தவர் நடுவில் பணம் கட்டாவிட்டால் என்ன, ஒரு மாதம் யாரும் ஏலம் கேட்காவிட்டால் யாருக்குப் போகும், நடத்துகிறவரின் கமிஷன் எந்த மாதம்? விதிகளை ஒரு பக்கம், படம் ஒன்று, ஸ்டோரி ஐந்து எழுதுங்கள். எழுதியதை அத்தையிடமே படித்துக் காட்டுங்கள். "அப்படி இல்லடா, அது வேற" என்று எத்தனை இடத்தில் நிறுத்துகிறார் என்று எண்ணிக்கொண்டு, திருத்தி, மறுபடி படித்துக் காட்டுங்கள். அவர் ஒரு இடத்திலும் நிறுத்தாத பிரதியை இன்டர்வியூவுக்கு எடுத்துவாருங்கள். நிறுத்திய பழைய பிரதியையும் கூடவே கொண்டுவாருங்கள், நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.